விண்வெளித் தொடருக்கு ஒரு காமெடி எபிசோட் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அறிவியல் புனைகதைத் தொடருக்காக நான் எழுதிய முதல் காமெடி எபிசோடில் பக்கத்துக்கு ஒரு ஜோக்காவது இருந்தது. வாசித்துக் காட்டியபோது மொத்தம் மூன்று இடங்களில்தான் சிரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று இடத்திலும் நான் ஜோக் எழுதியிருக்கவில்லை. தன் கருவிப்பெட்டியை யாரோ தொட்டுவிட்டார்கள் என்று ஒரு எஞ்சினியர் முகம் சுளிக்கிறார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் புதிதாக எழுத வந்தவர்களின் ஸ்கிரிப்ட்களைப் படித்துத் திருத்தும் வேலை நிறைய செய்தேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே கல்லில். வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் ஜோக், அப்புறம் சம்பவம், கடைசியில் கையில் கிடைத்த கதாபாத்திரத்தைப் பிடித்து அதற்குள் தள்ளுவது. கீழே இருப்பது நேரான வரிசை. ஒரு படியை விட்டுவிட்டால் அடுத்த படியில் அதை வட்டியோடு கட்ட வேண்டி வரும்.

1. எழுத உட்காரும் முன்

தொடர் கொஞ்ச தூரம் ஓடியிருக்க வேண்டும். பழகிய ஆள் வழக்கத்துக்கு மாறாக நடந்தால்தான் சிரிப்பு வரும்; பழகாத ஆள் எப்படி நடந்தாலும் அது வெறும் தகவல். ஸ்டார் ட்ரெக்கின் ‘தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்’ (1967) இரண்டாம் சீசனில் வந்தது. ஸ்டார்கேட் எஸ்ஜி-1-இன் ‘விண்டோ ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’ (2000) நான்காம் சீசன். எக்ஸ்-ஃபைல்ஸின் ‘பேட் பிளட்’ (1998) ஐந்தாம் சீசன். சொந்தமாகத் தொடர் எழுதுகிறீர்கள் என்றால், குறைந்தது நான்கைந்து சீரியஸ் எபிசோட்களை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

அடுத்து, ஒரு பக்கத்தில் உங்கள் தொடரின் விதிகள். எந்த இயந்திரம் என்ன செய்யும், எதைச் செய்யவே செய்யாது. காமெடிக்காக இந்த விதியை வளைத்தால், அடுத்த வாரம் யாராவது சாகக் கிடக்கும்போது “அன்றைக்கு அந்த மெஷினை வைத்துச் சமாளித்தீர்களே” என்று பார்வையாளர் கேட்பார். நியாயமான கேள்வி.

நீளத்தையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 45 நிமிட எபிசோட் என்றால் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. காமெடி டயலாக் வேகமாக ஓடும், அதனால் ஐந்தாறு பக்கம் கூடுதலாக வந்தால் பதற வேண்டாம்.

2. ஆளைப் பிடியுங்கள், சம்பவம் தானாக வரும்

புதியவர்கள் கொண்டுவரும் ஒன்லைன் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “கேப்டன் இரண்டு பேர் ஆகிவிடுகிறார், செம காமெடி.” ஆள் நகலாவது மிகப் பழைய சரக்கு. ஸ்டார் ட்ரெக் 1966-லேயே கேப்டனை இரண்டாக்கிவிட்டது. பழைய சரக்காக இருப்பதில் தவறில்லை. இந்த ஒன்லைனில் குறை என்னவென்றால், இது யாருக்குத் தலைவலி என்றே சொல்லவில்லை.

கேப்டனுக்குத் தலைவலி என்றால் அது சீரியஸ் கதை. டாக்டருக்குத் தலைவலி என்றால் மருத்துவக் கதை. கப்பலின் ஸ்டோர் கீப்பருக்குத் தலைவலி என்றால்? ஏழு பேர் போகும் சரக்குக் கப்பல். உணவு ஏழு பேருக்கு, கோட் ஏழு, படுக்கை ஏழு. எட்டாவது ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது? இப்போது கதை நகர ஆரம்பித்துவிட்டது. இந்த ஸ்டோர் கீப்பர் அம்மாவையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

ஆளைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை: அவர் எதை விட்டுக்கொடுக்கவே மாட்டார் என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா? நம்ம ஸ்டோர் கீப்பருக்கு அந்த வரி, “பட்டியலில் இல்லாதது கப்பலில் இல்லை.” இந்த வரியை மறந்துவிடாதீர்கள், 7-ம் படியில் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே காமெடிக்கென்று இருக்கும் கதாபாத்திரத்தை நாயகனாக்காதீர்கள். அவர் எப்போதும் செய்வதைத்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் செய்வார். இறுக்கமான ஆள்தான் சரியான ஆள். நெகிழ்வதற்கு அவரிடம்தான் இடம் இருக்கிறது.

3. சின்ன ஆசை ஒன்று கொடுங்கள்

உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையை வைத்து காமெடி எழுதுவது கடினம். சின்னப் பொருளின் மேல் பெரிய பிடிவாதம், இதுதான் வேண்டும். விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கும் ஸ்டார் ட்ரெக் தொடரான டீப் ஸ்பேஸ் நைனின் ‘இன் தி கார்ட்ஸ்’ (1997) எபிசோடில் கேப்டனின் மகன் ஜேக்குக்கு வேண்டியது 1951-ஆம் ஆண்டின், விளையாட்டு வீரர் படம் போட்ட ஒரு பேஸ்பால் அட்டை. சோர்ந்துபோயிருக்கும் அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்க. அந்த ஒரு அட்டைக்காக அவனும் நாக் என்ற நண்பனும் நிலையம் முழுக்க ஓடுகிறார்கள், ஆளாளுக்கு ஒரு உபகாரம் செய்து அலைகிறார்கள்.

ஸ்டோர் கீப்பரின் ஆசை: நாளைக் காலை வரும் தணிக்கையாளரிடம் பிழையில்லாத கணக்கைக் காட்ட வேண்டும். பதினொரு வருடமாக அவர் கணக்கில் ஒரு திருகாணிகூடக் குறைந்ததில்லை.

ஆசைக்கு நேரக்கெடுவும் இருக்க வேண்டும். கெடு இல்லாவிட்டால் கதாபாத்திரம் நிதானமாக யோசிக்கும். நிதானமாக யோசிப்பவர் சரியான முடிவுதான் எடுப்பார், நமக்குக் கதை கிடைக்காது.

4. அறிவியல் விதி ஒன்றே ஒன்று

காமெடி எபிசோடுக்கு ஒரு புதிய விதி போதும். இரண்டாவது விதியை விளக்க ஆரம்பித்த உடனே அறை அமைதியாகிவிடும். இதை நான் பல முறை நேரில் பார்த்துவிட்டேன்.

விதியை எண்ணோடு சொல்லுங்கள். ட்ரிபிள் கதையில் பொசுபொசுவென்று இருக்கும் அந்த உருண்டைகள் சாப்பிடும், குட்டி போடும். ஒரு ட்ரிபிள், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை பத்துக் குட்டி, மூன்று நாள் என்று கணக்குப் போட்டு, உணர்ச்சியைக் காட்டாத அதிகாரி ஸ்பாக் சொல்லும் எண் 17,71,561. நீங்களே சரிபார்க்கலாம்: ஒவ்வொரு 12 மணி நேரத்திலும் எண்ணிக்கை 11 மடங்காகிறது, மூன்று நாளில் ஆறு தடவை, 11-ஐ ஆறு முறை பெருக்கினால் அச்சாக அதே எண் வரும். கணக்கு சரியாக இருப்பதால்தான் ஸ்பாக்கின் முகத்தில் அசைவே இல்லாதது சிரிப்பைக் கொண்டுவருகிறது. அவர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருந்தால் அது வெறும் மிகைப்பேச்சு.

இன்னொரு விஷயம்: விதி இரண்டு முறை பலன் தர வேண்டும். ட்ரிபிள்கள் முதலில் தொல்லை. அப்புறம் தானியக் கிடங்கில் அவை செத்துக் கிடப்பதை வைத்துத்தான் தானியத்தில் விஷம் கலந்தது தெரிகிறது. எதிரி இனமான கிளிங்கன்களைக் கண்டால் அவை கிறீச்சிடும் என்பதை வைத்து ஒற்றனும் பிடிபடுகிறான். தொல்லையே தீர்வாக மாறினால் முடிவு தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை.

நம் உதாரணத்துக்கு விதி: கேப்டனை இரண்டாக்கிய இயந்திரத்தின் மேடையில் இருவரும் 20 மணி நேரத்துக்குள் ஒன்றாக நின்றால் மறுபடி ஒருவராகிவிடலாம், இருவரின் நினைவும் அந்த ஒருவரிடம் இருக்கும். தாண்டினால் முடியாது. அவ்வளவுதான். இயந்திரம் ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு ஒரு வரிக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

5. பெரிய ஆபத்தை ஓரத்தில் உட்கார வையுங்கள்

காமெடி என்றதும் உலகமே லேசாகிவிட வேண்டும் என்று நினைப்பது தவறு. ‘இன் தி கார்ட்ஸ்’ எபிசோடுக்கு அடுத்ததில் போர் வெடிக்கிறது. அந்தப் பயம் நிலையத்தின் மேல் கவிந்திருப்பதால்தான் ஒரு அட்டைக்காக இரண்டு பையன்கள் ஓடுவது நமக்குப் பிடித்துப்போகிறது. இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ‘டேட்டாஸ் டே’ (1991) எபிசோடில் மனித உருவ இயந்திரமான டேட்டா ஒரு கல்யாணத்துக்காக நடனம் கற்றுக்கொள்கிறார். பக்கத்திலேயே எதிரிகளான ரோமுலன்களின் உளவு விவகாரம் ஓடுகிறது.

ஆனால் ஓரக்கதை ஓரத்தில்தான் இருக்க வேண்டும். மொத்தப் பக்கங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால், நீங்கள் எழுத ஆசைப்பட்டதே அந்தக் கதைதான் என்று அர்த்தம். அதையே எழுதிவிடுங்கள், தப்பில்லை.

6. சீன் ஆர்டர்: இங்கேதான் நேரத்தைக் கொட்ட வேண்டும்

மொத்த வேலையில் பாதி நேரம் இந்தப் படிக்கே போகும், போகட்டும். டயலாக் ஒரு வரிகூட எழுதாமல், ஒவ்வொரு சீனையும் ஒரு அட்டையில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பிறகு இரண்டு அட்டைகளுக்கு நடுவே ‘அப்புறம்’ என்று போட்டுப் படியுங்கள், ‘அதனால்’ என்று போட்டும் படியுங்கள். ‘அப்புறம்’ மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அந்தச் சீன் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜோக் முதலில் தோன்றி, அதற்காகச் சேர்த்த சீன்கள் எல்லாம் இந்தச் சோதனையில் மாட்டும்.

நம் கதையை ஓட்டிப் பார்ப்போம். இரண்டு கேப்டன்கள் வெளியே வருகிறார்கள். இரண்டாமவர் கோட் கேட்கிறார். கையெழுத்து இல்லாமல் பொருள் தருவதில்லை. கையெழுத்து போடச் சொல்கிறார் ஸ்டோர் கீப்பர். கையெழுத்து கச்சிதமாகப் பொருந்துகிறது, அதனால் கோட்டைக் கொடுத்தாக வேண்டும். அதனால் ஒரே ஆள் பெயரில் இரண்டு கோட். அதனால் கணக்கு உதைக்கிறது. அதனால் இரண்டாம் கேப்டனை ஆளாக எழுதாமல் ‘உபரிப் பொருள்’ என்று பதிவேட்டில் ஏற்றுகிறார். உபரிப் பொருள் கிடங்கை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. அதனால் கேப்டன் காலரில் சீட்டு தொங்க, உணவுப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். அதனால், கெடுவுக்கு முன்பே வந்து நிற்கும் தணிக்கையாளர் “உபரிப் பொருளைக் காட்டுங்கள்” என்கிறார்.

இதில் ஜோக் என்று ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முடிவும் அவரளவில் நியாயமானது, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மோசம். ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரே உயரத்தில் இரண்டு சீன் இருந்தால் பலவீனமானதைத் தூக்கிவிடுங்கள். அது நல்ல சீனாக இருந்தாலும்தான்.

பகுதிகளைப் பிரிக்கும்போது, முன்காட்சியும் அதற்குப் பின் நான்கு பகுதிகளும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பகுதியும் சிரிப்பில் முடியக் கூடாது, சிக்கலில் முடிய வேண்டும். சிரிப்பு ஒரு முற்றுப்புள்ளி. அது வந்தால் பார்ப்பவர் எழுந்து போய்விடலாம். தணிக்கையாளர் கேட்கும் அந்தக் கேள்வி இரண்டாம் பகுதியின் கடைசி வரி.

எல்லோரும் செய்யும் இன்னொரு பிழை, மற்ற கதாபாத்திரங்களுக்கும் தனித்தனிக் குழப்பம் கொடுப்பது. எஞ்சினியருக்குக் காதல், டாக்டருக்கு மறதி, சமையலறையில் ஏதோ ஒரு பிராணி. கப்பலே பைத்தியமாகிவிட்டால் யாருடைய பைத்தியமும் தெரியாது. மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே ஸ்டோர் கீப்பரைப் பார்த்துக் குழம்பினால் போதும்.

7. வலிக்கும் சீன் ஒன்று

மூன்றாம் பகுதியின் முடிவிலோ நான்காம் பகுதியின் தொடக்கத்திலோ சிரிப்பு ஒரு முறை நிற்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். எதற்கு? அதுவரை நாம் சிரித்த பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிய வரும். காரணம் தெரிந்தபின் அதே பிடிவாதத்துக்கு வரும் சிரிப்பில் அன்பும் சேர்ந்துகொள்ளும்.

‘விண்டோ ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’ இதற்கு நல்ல பாடம். தொடரின் நாயகர்கள் ஓ’நீலும் டீல்க்கும் ஒரே பத்து மணி நேரத்தில் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறார்கள். சலித்துப்போய், வேற்றுக் கிரகங்களுக்குப் போகும் நட்சத்திர வாயிலுக்குள் கோல்ஃப் பந்து அடிக்கும் அளவுக்குப் போகிறது. ஆனால் சுழற்சியை உண்டாக்கியவன் இறந்த மனைவியை மறுபடி பார்க்கத் தவிப்பவன். மகனைப் பறிகொடுத்த ஓ’நீல்தான் அவனிடம் பேச வேண்டியிருக்கிறது. கோல்ஃப் சீனும் இந்தச் சீனும் ஒரே எபிசோடில் ஒட்டாமல் போயிருக்க வேண்டும். ஒட்டுகிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே கேள்விதான்: திரும்பத் திரும்ப வாழ வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வாய்?

பழைய கப்பல் ஒன்றை அவசரமாகக் காலி செய்தபோது ஆட்களின் பட்டியலைப் படித்தவர் நம் ஸ்டோர் கீப்பர்தான். ஒரு பெயர் விட்டுப்போனது. இப்போது கிடங்கில், சீட்டு தொங்கும் கேப்டன் மெதுவாகக் கேட்கிறார்: “அப்படியானால் நான் கப்பலில் இல்லையா?” ஐந்தாம் பக்கத்தில் எல்லோரும் சிரித்த “பட்டியலில் இல்லாதது கப்பலில் இல்லை” என்ற அதே வரி இங்கே ஸ்டோர் கீப்பரின் தொண்டையில் சிக்குகிறது. சிரிக்க வைத்த வரியையே திருப்பிப் பிடியுங்கள். புதிய சோக வசனம் எழுதினால் அது ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

புதியவர்கள் இந்தச் சீனைப் பார்த்துப் பயந்து, உடனே ஒரு கவுன்டர் அடித்து முடித்துவிடுவார்கள். வேண்டாம். சீன் முடியட்டும், அடுத்த சீனில் சிரிக்கலாம்.

8. டயலாக் கடைசியில்தான்

இப்போதுதான் பேச்சுக்கு வருகிறோம். ஒரே விதி: தாங்கள் காமெடியில் இருக்கிறோம் என்று திரையில் யாருக்கும் தெரியாது.

ட்ரிபிள் எபிசோடில் இன்னொரு சீன். கிளிங்கன்களோடு அடிதடி நடந்த பிறகு கேப்டன் கிர்க், எஞ்சினியர் ஸ்காட்டியை விசாரிக்கிறார். ஒரு கிளிங்கன், கிர்க்கை வாய்க்கு வந்தபடி திட்டியபோது ஸ்காட்டி அமைதியாகத்தான் இருந்தார், துள்ளிய சக ஊழியரையும் அடக்கினார். கப்பலைக் குப்பை என்றபோதுதான் கை நீண்டது. இதை அவர் மிகுந்த மரியாதையோடு, உண்மையாக, தன் கேப்டனிடமே விளக்குகிறார். சிரிப்பு முழுவதும் கிர்க்கின் முகத்தில் இருக்கிறது. டயலாக்கில் தனியாக எடுத்துச் சொல்ல ஒரு ஜோக்கும் தேறாது.

அதனால் எழுதும்போது, பேசுபவரைவிடக் கேட்பவரைக் கவனியுங்கள். “ஒரு நொடி மௌனம்” என்று எழுதுவதற்குப் பதில், அந்த நொடியில் கேட்பவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள்: பேனாவை மூடுகிறார், சீட்டைச் சரிசெய்கிறார்.

எல்லோரையும் சாமர்த்தியமாகப் பேச வைக்காதீர்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் படித்தால் யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். சொல் விளையாட்டும் கடி ஜோக்கும் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். வாயில் நுழையாத தொழில்நுட்பச் சொல்லை நீட்டி முழக்கிச் சிரிப்பு வாங்கப் பார்ப்பதும் அப்படித்தான், முதல் தடவை மட்டும் ஓடும்.

பார்வைக் கோணத்தையே ஜோக்காக்கலாம் என்றால் ‘பேட் பிளட்’ பாருங்கள். ஒரே சம்பவத்தை, சேர்ந்து துப்பறியும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளான ஸ்கல்லி ஒரு விதமாக, மல்டர் ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஸ்கல்லி சொல்லும்போது ஷெரிஃப் அழகன்; மல்டர் சொல்லும்போது அதே ஆளுக்குப் பல் துருத்திக்கொண்டிருக்கிறது. மல்டருக்குப் பொறாமை என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

9. முடிவு: பழைய இடம், ஒரு கீறல்

தொடர் என்பதால் எபிசோட் முடியும்போது எல்லாம் பழையபடி ஆக வேண்டும், பெரும்பாலும். நகலை அழித்து முடிப்பது எளிது. ஆனால் அரை மணி நேரம் நம்மோடு சிரித்த ஆளைக் கொன்றுவிட்டு இறுதி இசை போட முடியாது. நெக்ஸ்ட் ஜெனரேஷன் 1993-இல் நகலான அதிகாரி ரைக்கரை அழிக்கவில்லை, வேறு கப்பலுக்கு அனுப்பிவைத்தது. அடுத்த ஆண்டு டீப் ஸ்பேஸ் நைனில் அவர் திரும்பவும் வந்தார். அதுவும் ஒரு வழி.

நாம் 4-ம் படியிலேயே கதவைத் திறந்து வைத்துவிட்டோம்: இருவரும் ஒருவராகலாம், நினைவு போகாது. ஆனால் அதற்கு முன் ஸ்டோர் கீப்பர் ‘உபரிப் பொருள்’ என்பதை அடித்துவிட்டு, தணிக்கையாளர் கண்முன்னே எட்டாவது பெயரை எழுத வேண்டும். பதினொரு வருடக் கணக்கு அங்கே போய்விடுகிறது. தான் காத்ததைத் தானே விட்டால்தான் அது முடிவு; இயந்திரம் மட்டும் சிக்கலைத் தீர்த்தால் அது பழுதுபார்ப்பு.

கடைசிச் சீன் அரைப் பக்கம். ஒன்றாகிவிட்ட கேப்டன் கோட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறார். ஸ்டோர் கீப்பர் பதிவேட்டைத் திருப்பி வைக்கிறார். கேப்டன் இரண்டு வரியிலும் கையெழுத்துப் போடுகிறார். யாரும் எதுவும் பேச வேண்டாம். இங்கே ஒரு பஞ்ச் வைக்கக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

10. வாசிக்கக் கேட்டு வெட்டுவது

ஸ்கிரிப்டை முன்பு படிக்காத நான்கைந்து பேரிடம் பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்காதீர்கள், உங்கள் குரல் ஜோக்குக்கு முட்டுக் கொடுக்கும்.

கையில் பென்சிலோடு உட்கார்ந்து இரண்டு குறி மட்டும் போடுங்கள். சிரித்த இடத்தில் ஒன்று. யாராவது அடுத்த பக்கத்தை முன்கூட்டியே புரட்டிய இடத்தில் ஒன்று. இரண்டாவது குறிதான் முக்கியம், அங்கே கதை தேங்குகிறது.

சிரிக்காத ஜோக்கை மெருகேற்றிக்கொண்டிருக்காதீர்கள். அது மொக்கை, எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தில் இன்னொன்றை நிரப்பவும் வேண்டாம்.

ஒரு நாள் கழித்து, ஜோக் என்று நினைத்து எழுதிய எல்லா வரிகளையும் அடித்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நீளம் இரண்டு மூன்று நிமிடம் குறைந்திருந்தால் சரி, பிடித்தவற்றை மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பத்து நிமிடம் குறைந்திருந்தால் அட்டைகளை எடுத்துக்கொண்டு 6-ம் படிக்குப் போங்கள்.